மாணவர் விமானப்படை: வரலாறும் பயன்களும்

எங்கள் திருக்கனூர்ப் பக்கத்து வயல்வெளிகளில், தலைக்கு மேலே விமானம் போனால் அண்ணாந்து பார்த்துக் கையசைக்காத சிறுவர் இல்லை. ஆனால் பார்ப்பதோடு சரி. அதனை இயக்குகிறவர் நம்மைப் போன்ற ஒருவராகவும் இருக்கலாம் என்ற எண்ணம் நமக்குத் தோன்றுவதில்லை. அந்த எண்ணத்தை மாணவர் உள்ளத்தில் விதைக்க நம் நாட்டில் ஓர் அமைப்பு உண்டு. அதுவே தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு. அதன் வரலாற்றையும் பயன்களையும் ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

தோற்றமும் வளர்ச்சியும்

இங்கிலாந்தில் 1938ஆம் ஆண்டு தனியார் முயற்சியாகத் தோன்றிய மாணவர் விமானப்படை, உலகப் போரின் நடுவே 1941இல் அரசின் அமைப்பாக மாறியது. நம் நாட்டில் 1917இலேயே பல்கலைக்கழக மாணவர்க்குப் படைப் பயிற்சி தொடங்கிவிட்டது எனினும், அது தரைப்படைப் பயிற்சியே. 1946இல் பண்டித குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1948இல் தேசிய மாணவர் படைச் சட்டம் இயற்றப்பட்டது. 1950 ஏப்ரல் முதல் நாள், பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒவ்வொரு ஸ்குவாட்ரனுடன் விமானப் பிரிவு பிறந்தது. அப்போது நம் புதுவை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி மாறிய பின்னரே இவ்வாய்ப்புகள் நம் பகுதிக்கு வர வழி பிறந்தது.

1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரிகளில் கட்டாயமாக்கப்பட்ட மாணவர் படை, 1968இல் மீண்டும் விருப்பத்திற்குரியதாயிற்று. இப்படையின் கொடியில் உள்ள சிவப்பு தரைப்படையையும், கருநீலம் கடற்படையையும், வெளிர்நீலம் விமானப்படையையும் குறிக்கும்.

பயிற்சிகள்

விமானப் பிரிவு என்றவுடன் நாள்தோறும் பறப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பகுதிப் பயிற்சி தரையிலேதான். அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல் ஆகியவற்றோடு பறத்தலின் தத்துவம், திசையறிதல், வானிலையியல், விமான எந்திரம் முதலியன கற்பிக்கப்படுகின்றன. விமானத்தின் மீது ஏற்றம், எடை, உந்துவிசை, இழுவை என்னும் நான்கு விசைகள் செயல்படுகின்றன. இறக்கையின் மேற்புறம் காற்றழுத்தம் குறைந்தும் கீழ்ப்புறம் மிகுந்தும் இருப்பதால் ஏற்றம் உண்டாகிறது. நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலே இது! வசதியுள்ள பிரிவுகளில் மைக்ரோலைட் என்னும் சிறு விமானத்தில் பயிற்றுநருடன் பறக்கும் பேறும் கிடைக்கும்.

தரைப்படைப் பிரிவு மாணவனாகிய நான், ஒரு முகாமில் விமானப் பிரிவு மாணவர்களுடன் பத்து நாள் தங்கினேன். மெல்லிய பால்சா மரத்தை இழைத்து அவர்கள் மாதிரி விமானம் செய்ததைக் கண்டபோது எங்கள் ஊர் நினைவுதான் வந்தது. திருக்கனூர்க் காகிதக் கூழ்க் கைவினைப் பொருள்கள் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பொறுமையும் கைத்திறனும்தான் அங்கும் வேண்டியிருந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கே உரியது என்று நான் எண்ணியிருந்த கலை, நம் கைக்கும் எட்டுவதே எனத் தெளிந்தேன்.

பயன்கள்

ஒழுக்கம், உடல்நலம், பல மாநில மாணவருடன் பழகும் வாய்ப்பு ஆகியவை யாவரும் அறிந்தவை. பலர் அறியாத பயன் ஒன்றுண்டு. விமானப் பிரிவில் 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிகள், இந்திய விமானப்படையின் விமானி வேலைக்கு எழுத்துத் தேர்வின்றி நேரே தேர்வு வாரிய நேர்காணலுக்கு விண்ணப்பிக்கச் சிறப்பு வழி உள்ளது. மேல்நிலை வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். இது மாணவியர்க்கும் உரியதே. 2016 ஜூன் மாதம் மூன்று பெண்கள் போர் விமானிகளாகப் பொறுப்பேற்றதை நம் சகோதரிகள் மறக்கலாகாது.

"கையெழுத்துப் போட்டா பட்டாளத்துக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவாங்களாடா?" என்று என் தந்தையார் கேட்டார். பல வீடுகளில் இக்கேள்வி உண்டு. மாணவர் படையில் சேர்வதால் போருக்குச் செல்லும் கடமை எதுவும் இல்லை. சட்டமே அவ்வாறு கூறுகிறது.

'பி' சான்றிதழுக்கு இரண்டு ஆண்டும் 'சி' சான்றிதழுக்கு மூன்று ஆண்டும் பயிற்சி வேண்டும். ஆகவே முதலாண்டிலேயே சேர்ந்தால்தான் பட்டத்தோடு 'சி' சான்றிதழும் கைக்கு வரும். கற்றோர் உள்ள வீட்டில் இதை அண்ணனோ மாமனோ சொல்லிவிடுவர். என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவனுக்கு யார் சொல்வார்? அறிவிப்புப் பலகையைக் கண்டு அவன் பொருள் உணர்வதற்குள் நாள் கடந்துவிடுகிறது.

முடிவுரை

ஆகவே, சேர்க்கை நாளன்றே இச்செய்தியைப் புதிய மாணவர்க்குத் தமிழில் எடுத்துரைக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன். நம் கல்லூரிக்கும் விமானப் பிரிவில் சில இடங்கள் கிடைக்க முயற்சி எடுத்தால் கிராமத்து மாணவர்கள் நன்றியுடையவர்களாவோம். மாணவ நண்பர்களே! உங்கள் ஊரிலிருந்து அடுத்த ஆண்டு கல்லூரிக்கு வரும் தம்பி, தங்கையரிடம் இதை இன்றே சொல்லுங்கள்.