வைக்கோலும் தண்ணீரும்

குடவாசலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோணேசுவரர் கோயிலைத் தரிசிக்கப் போவார்கள். கோச்செங்கட் சோழன் கட்டிய மாடக்கோயில்களில் அதுவும் ஒன்று என்பது ஐதிகம். நாம் போனதோ வைக்கோலைப் பார்ப்பதற்கு. நேயர்கள் சிரிக்கலாம். ஆனால் தை அறுவடை முடிந்த சமயத்தில் அந்தப் பக்கத்து வயல்களைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அறுவடை யந்திரம் நெல்லை வாங்கிக் கொண்டு வைக்கோலை வயலிலேயே உதறிவிட்டுப் போகிறது. பின்னால் இன்னொரு யந்திரம் வந்து அதைச் சுருட்டி உருளை உருளையாகக் கட்டுகிறது. அவற்றில் பல, மாட்டுத் தீனிக்காக லாரி ஏறி வெளி ஜில்லாக்களுக்குப் போய்விடுகின்றன. மழையில் நனைந்து வீணானதற்குச் சில இடங்களில் நெருப்புத்தான் கதி.

"இதையெல்லாம் காகிதமாக்கினால் என்ன?" என்று நம்முடன் வந்த நண்பர் கேட்டார். கேள்வி புதிதல்ல. 1800-ஆம் ஆண்டிலேயே லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் வைக்கோல் காகிதத்தில் ஒரு புத்தகத்தை அச்சிட்டுக் காட்டினார். பெரிய ஆலையும் வைத்தார். சில வருஷங்களுக்குள் அது நொடித்துப் போயிற்று. அவர் காலத்திலிருந்து இன்று வரை வைக்கோலைப் படுத்தி வருவது நாரின் குறை மாத்திரம் அல்ல, தண்ணீர்.

காகிதம் என்பது உண்மையில் தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வித்தைதான். நார்க் கூழ் யந்திரத்துக்குள் நுழையும்போது இருநூறு பங்கில் ஒரு பங்குதான் நார் என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால் ஒரு டன் காகிதத்துக்கு 199 டன் ஜலம். இவ்வளவு நீர்க்க இருந்தால்தான் நார்கள் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கொள்ளாமல் சீராகப் பரவும். அந்தக் கூழ், ஓடிக் கொண்டே இருக்கும் சல்லடைத் துணியின் மேல் விழுகிறது. ஜலத்தில் ஒரு பகுதி தானே கீழே வடிகிறது. மீதியைச் சல்லடைக்கு அடியில் உள்ள பெட்டிகள் காற்றை இழுத்து உறிஞ்சுகின்றன. சல்லடையின் கடைசி முனைக்கு வரும்போது 195 டன் போய், நான்கு டன் நிற்கிறது. பிறகு கம்பளித் துணியோடு சேர்த்துக் கனத்த உருளைகளுக்கு இடையே பிழிகிறார்கள். ஒன்றரை டன் மிஞ்சுகிறது. அதற்கு மேல் பிழிந்தால் காகிதம் நசுங்கும். ஆகவே மிச்சத்தை நீராவி நிறைந்த சூடான உருளைகளின் மேல் ஓட்டி உலர்த்துகிறார்கள்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் வீட்டுப் பெண்மணிகள் புடவையை நன்றாகப் பிழிந்த பிறகுதானே கொடியில் போடுகிறார்கள்! ஆலைக்காரர்களும் அதையே செய்கிறார்கள். அவர்களுக்கு வெயில் இனாமாகக் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். ஒரு கிலோ ஜலத்தை ஆவியாக்க ஏறக்குறைய 540 கிலோ கலோரி உஷ்ணம் வேண்டும். பிழியும் உருளையிலிருந்து வெளிவரும் ஈரக் காகிதத்தில் நாரின் பங்கு நூற்றுக்கு 40-லிருந்து 41 ஆனால், உலர்த்தும் செலவில் நூற்றுக்கு நான்கு பங்கு மிச்சம். முதலில் போகும் 195 டன்னை விட, கடைசியில் நிற்கும் ஒன்றரை டன்தான் முதலாளியின் தூக்கத்தைக் கெடுப்பது.

ஓடும் சல்லடை யோசனையைக் கண்டவர் பிரான்ஸ் தேசத்து நிக்கோலா லூயி ராபேர். 1799-இல் அவர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதை இங்கிலாந்தில் பெரிதாக வளர்க்கப் பணம் போட்ட ஃபூர்திரினியர் சகோதரர்கள் 1810-இல் திவாலானார்கள். யந்திரத்துக்கு மட்டும் அவர்கள் பெயர் நிலைத்துவிட்டது. பிறர் உலரப் பணம் செலவழித்துத் தாம் உலர்ந்து போனவர்கள்!

இனி வைக்கோலுக்கு வருவோம். நெல் வைக்கோலின் நார் குட்டையானது. அதோடு பொடியும் துகளும் நிறைய. இவை சல்லடைக் கண்ணை அடைத்துக் கொண்டு ஜலத்தை விடமாட்டேன் என்கின்றன. அரிசி வடித்த பானையில் கஞ்சி அடைத்துக் கொள்வது போலத்தான். யந்திரத்தை மெதுவாக ஓட்ட வேண்டியிருக்கிறது. மெதுவாக ஓடினால் லாபமும் மெதுவாகத்தான் வரும். இன்னொரு சங்கடம், நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சி வைத்துள்ள மணற்சத்து. வைக்கோலைக் காரத்தில் வேக வைக்கும்போது அது கறுப்புச் சாற்றில் கரைந்து, அந்தச் சாற்றைக் காய்ச்சிக் காரத்தை மீட்கும் கொதிகலன்களில் பாறையாகப் படிகிறது. கூழைக் கழுவிப் பிழியும் உருளைகள் சரியாக வேலை செய்யாவிட்டால் கறுப்புச் சாறு நேரே ஆற்றுக்குப் போகும். வட இந்தியாவில் வைக்கோலை நம்பி நடந்த பல சிறு ஆலைகள் இந்தக் காரணத்தினாலேயே மூட வேண்டி வந்தது. காவேரியின் கடைமடையில் இருக்கும் நமக்கு இது சின்ன விஷயமா?

கரும்புச் சக்கை இதை விடச் சற்று நல்ல பிள்ளை. கருவூர்ப் பக்கம் புகளூரில், காவேரிக் கரையை அடுத்து, தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. வருஷத்துக்கு 90,000 டன் என்பது ஆரம்ப காலத் திட்டம். சர்க்கரை ஆலைகள் தம் கொதிகலனில் எரித்து வந்த சக்கையை வாங்கிக் கொண்டு, பதிலுக்கு நிலக்கரியால் உண்டாக்கிய நீராவியைத் தரும் பண்டமாற்றை இந்த ஆலை ஏற்படுத்திக் கொண்டது கெட்டிக்காரத்தனமான காரியம். சக்கைக்குள்ளும் ஒரு சோறு உண்டு. தண்ணீரைக் குடித்துக் கொண்டு விடாத பஞ்சு அது. அதை முன்கூட்டியே உதறி எடுத்துவிட்டால்தான் கூழ் ஒழுங்காக வடியும். வைக்கோலுக்கு இப்படி உதறித் தள்ள வழியில்லை; குற்றம் நாரோடு பிறந்தது.

குடவாசலுக்குக் கிழக்கே, கடலோரத்துத் தரங்கம்பாடியில் இருநூறு ஆண்டுகளுக்கு வெகு முன்பே ஒரு காகித முயற்சி நடந்தது. சீகன்பால்க் பாதிரியார் தமிழ் அச்சுக்கூடம் நடத்தியபோது, காகிதப் பஞ்சத்தினால் எழுத்தையே சிறிதாக வார்க்க வேண்டியிருந்தது. பிறகு அருகில் காகிதப் பட்டறை ஒன்றும் வைத்தார்கள். அது நீடிக்கவில்லை. பொறையாற்றுப் பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் மாத்திரம் நிலைத்தது.

தஞ்சையில் 1892-இல் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, 1934-இல் காந்தியடிகள் வார்தாவில் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஏற்று நடத்தியபோது, கைக் காகிதத்துக்கும் இடம் கொடுத்தார். நண்பருக்கு நாம் சொன்ன பதிலும் அதுதான். பெரிய யந்திரத்துக்குப் பொறுக்க முடியாத வடிகால் தாமதம், தொட்டியில் சட்டத்தை அமிழ்த்தி எடுக்கும் கைக்கு அவ்வளவு பெரிய பாவமல்ல. மாட்டுக்குப் போக மிஞ்சிய வைக்கோலை, காரம் குறைவாகச் சேர்த்து முரட்டு அட்டையாக்கினால் போதும். வழுவழுப்பான எழுதும் காகிதத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

நண்பர் ஒப்புக் கொள்ளவில்லை. "மாட்டுக்குப் போக மிஞ்சினால்தானே!" என்றார். எதிரே, வைக்கோல் உருளைகளை அடுக்கிய லாரி ஒன்று கும்பகோணம் சாலையில் ஏறிக் கொண்டிருந்தது.