உஷார்! முன்கண்ணாடி ஒட்டப் போகிறீர்களா? ‘லைஃப்டைம் கேரண்டி’ என்ற வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்

களியக்காவிளை நோக்கிப் போகும் டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் தினமும் கார் ஓட்டுகிறவர்கள் இதை வாசித்துவிட்டு வண்டியை எடுங்கள். சல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரி ஒரு குழியில் இறங்கி ஏறினால் போதும், தார்ப்பாயையும் மீறி ஒரு கல் தெறிக்கும். ‘டக்’கென்று சத்தம். முன்கண்ணாடியில் மிளகளவு ஒரு புள்ளி. அதைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். உண்மையில் பயப்பட வேண்டியது, அதை அடைக்கப் போகும் இடத்தில் சொல்லப்படும் வாக்குறுதிக்கு.

எனக்கு நடந்தது இது. ஆடி மாசம், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியையே தள்ளிக்கொண்டிருந்த நாளில் கல் பட்டது. மறுநாள் ஒரு கடையில் கொண்டுபோய் நிறுத்தினேன். “தடமே தெரியாது அண்ணாச்சி, லைஃப்டைம் கேரண்டி” என்றார்கள். பணம் கொடுத்தேன், பில் கேட்கவில்லை. ரெண்டு மாதம் கழித்து, உச்சி வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி ஏசியை முழுசாகத் திருப்பினேன். கண்முன்னே அதே புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பி ஸ்டீயரிங் பக்கம் வரை ஓடிவிட்டது. திரும்பக் கொண்டுபோனால் பதில் இப்படி: “கேரண்டி நாங்க ஊத்துன பசைக்குத்தான் அண்ணாச்சி, கிளாஸுக்குக் கெடையாது.” இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம். அதனால்தான் உடைந்தாலும் முகத்தில் கொட்டாமல் ஒட்டிக்கொண்டே நிற்கிறது. கல் பொதுவாக வெளித்தகட்டில் மட்டும் சில்லு எடுக்கும். அந்தப் பள்ளத்திலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே எடுத்து, ரெசினை அழுத்தி உள்ளே செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுகவைப்பதுதான் வேலை. விரிசல் மேலே ஓடாமல் தடுப்பதே அதன் நோக்கம். புள்ளி மங்கும், முழுதாக மறையாது. வெயில் சாய்ந்து அடிக்கும்போது தழும்பு தெரியத்தான் செய்யும். தடமே இருக்காது என்று யாராவது அடித்துச் சொன்னால் அங்கேயே எச்சரிக்கையாகிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்றைப் பலரும் சொல்வதே இல்லை. ரெசினை அழுத்தும் அந்த நேரத்திலேயே விரிசல் ஓடிவிடலாம். கைதேர்ந்தவர் செய்தாலும் இது நடக்கும். அப்படி ஓடினால் செலவு யாருடையது? வேலை தொடங்குமுன் கேளுங்கள். ரெசின் ஒருமுறை இறுகிவிட்டால் அதைச் சுத்தமாக எடுத்துவிட்டு மறுபடி செய்ய வழியில்லை. ஆகவே “சரியில்லேன்னா திரும்பச் செஞ்சு தாறோம்” என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

எல்லாப் புள்ளியையும் ஒட்டவும் கூடாது. பிரிட்டனின் தர அளவுப்படி, ஓட்டுநருக்கு நேர் எதிரே 290 மில்லிமீட்டர் அகலப் பட்டைக்குள் 10 மில்லிமீட்டரைத் தாண்டிய சேதம் இருந்தால் ஒட்டக் கூடாது, கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும். தழும்பில் எதிர்வண்டி விளக்கு பட்டுச் சிதறினால் ராத்திரியில் சாலை எப்படித் தெரியும்?

கேரண்டிக்கு வருவோம். ‘லைஃப்டைம்’ என்றால் யாருடைய ஆயுள்? கண்ணாடியுடையதா, கடையுடையதா, நீங்கள் வண்டியை விற்கும் நாள்வரையா? அமெரிக்காவில் பல கடைகளின் வழக்கம் இது: ஒட்டிய இடத்திலிருந்தே விரிசல் ஓடினால், ஒட்டக் கொடுத்த பணம் மட்டும் திரும்ப வரும், அல்லது புதுக்கண்ணாடி விலையில் கழியும். புதுக்கண்ணாடி இலவசமாகக் கிடைக்காது. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் அது முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். வண்டி எண், தேதி, புள்ளி இருந்த இடம், அதன் அளவு, விரிசல் ஓடினால் என்ன தருவார்கள், புதுக்கல் பட்டால் கேரண்டி உண்டா, இவை பில்லில் இருக்கட்டும். வேலைக்கு முன்னும் பின்னும் செல்போனில் படம் எடுங்கள். கடை நடத்தும் தம்பிகளே, உங்களுக்கும் இது காவல். இன்னொரு கல் தெறித்து உடைந்த கண்ணாடிக்கும் உங்களிடம் சண்டைக்கு வருகிறவர் உண்டு. அந்தப் படம்தான் அப்போது உங்களுக்காகப் பேசும்.

பில் கொடுக்காததே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம்; கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915-க்கு போன் செய்தும் பார்க்கலாம். ஆனால் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லாமல் என்னைப் போல நின்றால் எதை வைத்துப் பேசுவது?

மாற்றத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால், ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறவர்கள் வேலை தொடங்குமுன்பே கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. 1500 சிசி வரையுள்ள கார் என்றால் முதல் 1000 ரூபாய் உங்கள் பொறுப்பு. கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போகுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

நம் ஊரில் ரெண்டு பருவமழையும் உண்டு. புள்ளிக்குள் தண்ணீரும் தூசியும் இறங்கிவிட்டால் ரெசின் சரியாகப் பிடிக்காது. ஃபெவிக்விக் ஊற்றிவிடாதீர்கள், ரெசின் போக வேண்டிய வழியை அது அடைத்துவிடும். கல் பட்ட உடனே வண்டியை ஓரம் கட்டுங்கள். காய்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து, புள்ளியின்மேல் செலோ டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். கடைக்குப் போய்ச் சேரும்வரை ஏசியின் குளிர்காற்றைக் கண்ணாடியில் நேராகப் படவிடாதீர்கள், எல்லா ஜன்னலையும் ஏற்றிவைத்துக்கொண்டு கதவை அறைந்து சாத்தாதீர்கள்.