மடிப்பும் தினவும்

புல்டாக் இன நாயின் முகத்தை ஒருமுறை கண்டவர் எளிதில் மறப்பதில்லை. உள்ளடங்கிய மூக்கு, முன்னே துருத்திய கீழ்த்தாடை, கன்னத்திலிருந்து தொங்கும் தளர்ந்த தோல், மூக்கின்மேல் அடுக்கடுக்காய் விழுந்த மடிப்புகள். சினங்கொண்ட முதியவரைப் போன்ற அத்தோற்றத்துக்குள் மிகச் சாதுவான உயிர் ஒன்று வாழ்கிறது. மடிப்புகளே அதற்கு அழகு என்று வளர்ப்போர் கருதுகின்றனர். அதன் தோல்நோய்க்கு உறைவிடமும் அவையே.

இங்கிலாந்தில் கட்டிவைத்த காளையின்மீது நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நிலவியது. அதற்கெனப் பழக்கப்பட்டமையால் காளையைக் குறிக்கும் சொல் இந்நாயின் பெயரில் முன்னொட்டாய் அமைந்தது. 1835ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அக்கொடிய கேளிக்கையைத் தடைசெய்தது. வேலை இழந்த நாய், பின்னர்க் கண்காட்சி மேடை ஏறியது. பழைய ஓவியங்களில் காணப்படும் புல்டாக், இன்றைய நாயைவிட உயர்ந்த கால்களும் நீண்ட முகமும் கொண்டது. குட்டை முகத்தை விரும்பிய வளர்ப்போர், தலைமுறை தலைமுறையாக அத்தகைய நாய்களையே தேர்ந்து இணைசேர்த்தனர். முக எலும்பு குறுகியது. அதைப் போர்த்திய தோல் அவ்வளவுக்குக் குறுகவில்லை. மிஞ்சிய தோல் மடிந்தது.

மடிப்பின் உட்புறம் காற்றும் ஒளியும் புகாத இடம். கண்ணீரும் உமிழ்நீரும் உணவுத்துகளும் அங்கே தங்குகின்றன. தோலோடு தோல் உராய்கிறது. நலமுள்ள நாயின் தோலிலும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவும் மலசீசியா என்னும் பூஞ்சையும் சிறு அளவில் வாழ்கின்றன; அவற்றால் தீங்கில்லை. வெம்மையும் ஈரமும் கூடும்போது அவை பெருகுகின்றன. முதலில் தோல் சிவக்கிறது, பிறகு பிசுபிசுக்கிறது, புளித்த நாற்றம் எழுகிறது, இறுதியில் புண்ணாகிறது. லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியினர் பிரித்தானிய நாய்களின் மருத்துவப் பதிவேடுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவின்படி, பிற நாய்களை நோக்க, தோல்மடிப்பு அழற்சிக்கு ஆளாகும் வாய்ப்பு புல்டாக்குக்கு ஏறத்தாழ 38 மடங்கு மிகுதி. முகமடிப்பையாவது பலர் கவனிக்கின்றனர். சுருண்ட குட்டைவாலின் அடியிலும் ஒரு குழி உண்டு. நாய் தன் பின்புறத்தைத் தரையில் தேய்க்கும்வரை அதை எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மடிப்பைப் பேணும் முறை எளியது. வெதுவெதுப்பான நீரிலோ மருத்துவர் தந்த குளோரெக்சிடின் கரைசலிலோ நனைத்த மென்துணியால் உட்புறத்தை மெல்லத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். துடைப்பதைவிட உலர்த்துவதே முதன்மையானது என்பதைப் பலர் அறிவதில்லை. ஈரத்தோடு விட்டால், துடைக்காமலே இருந்திருக்கலாம். நாம் பயன்படுத்தும் சோப்பும் இங்கு உதவாது. மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உடையது. நாயின் தோலோ நடுநிலையை ஒட்டியது, நம் தோலைவிட மெல்லியது.

மடிப்பில் தோன்றும் புண் வெளிக்காரணங்களால் வருவது. ஒவ்வாமையோ உள்ளிருந்து எழுவது. உடலின் எதிர்ப்பாற்றல், தீங்கற்ற ஒன்றைப் பகையெனக் கருதிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை. மகரந்தத்தூள், வீட்டுத்தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள், சுவர்ப்பூஞ்சை ஆகியன அதைத் தூண்டுகின்றன. இவற்றால் மனிதருக்குத் தும்மல் வருவதே மிகுதி. நாய்க்குத் தினவு வருகிறது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் இது தலைகாட்டும். பாதம், காது, அக்குள், அடிவயிறு, கண்ணைச் சுற்றிய பகுதி ஆகியவையே அதன் இலக்குகள். வெண்ணிற நாயின் பாதமயிர் செம்பழுப்பாக மாறியிருந்தால், எவரும் காணாத வேளைகளில் அது பாதத்தை நக்கிக்கொண்டே இருந்திருக்கிறது என்று பொருள். உமிழ்நீரின் கறை அது. பேச இயலாத உயிரின் முறையீடு பலவேளைகளில் இத்தகைய கறையாகவே நம்முன் நிற்கிறது.

தினவு வாலடியிலும் இடுப்பிலும் மிகுந்தால் தெள்ளுப்பூச்சியை ஐயுற வேண்டும். அதன் உமிழ்நீர் ஒவ்வாத நாய்க்கு ஓரிரு கடிகளே போதும்.

உணவு ஒவ்வாமையைக் கண்டறிவதுதான் வீட்டாரின் பொறுமையைச் சோதிப்பது. மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை முதலியவற்றில் உள்ள புரதங்களே பெரும்பாலும் இதற்குக் காரணம். நெடுநாள் தின்று பழகிய உணவும் ஒருநாள் ஒவ்வாமல் போகலாம். குருதிச் சோதனை இதில் நம்பத்தக்க விடையைத் தருவதில்லை. ஆதலின் நாய் இதற்குமுன் உண்டிராத புரதத்தை மட்டும் மருத்துவர் வகுத்தபடி ஏறத்தாழ எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கின்றனர். தினவு தணிந்தால் பழைய உணவை மீண்டும் அளிக்கின்றனர். தினவு திரும்பினால் குற்றவாளி அகப்பட்டது. முறை தெளிவானதே, ஆயினும் ஏழாம் வாரத்தில் வீட்டுக்கு வந்த விருந்தினர் பரிவோடு நீட்டும் ஒரு பிஸ்கட் அத்தனை நாள் உழைப்பையும் பாழாக்கிவிடும். வீட்டில் ஒருவர் மட்டும் உறுதியோடிருந்து பயனில்லை.

அரிப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து விரைவாகப் பயன்தரும். அந்த விரைவே அதன் இடர். நெடுநாள் கொடுத்தால் நீர்வேட்கையும் பசியும் பெருகும், தோல் மெலியும், தொற்றுகள் எளிதில் பற்றும். டெமோடெக்ஸ் என்னும் சிற்றுண்ணியால் வந்த சொறியை ஒவ்வாமை எனத் தவறாக எண்ணி இம்மருந்தைக் கொடுத்தால் நோய் முற்றும். எனவேதான் கால்நடை மருத்துவர் முதலில் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார். இன்று தினவின் சமிக்ஞையைத் தடுக்கும் ஆக்லாசிடினிப் போன்ற மாத்திரைகளும் உள்ளன. ஒவ்வாப் பொருளையே சிறுகச் சிறுக உடலில் செலுத்திப் பழக்கும் முறையும் உண்டு; அது பயன்தர மாதங்கள் ஆகும். நமக்கென வாங்கிய களிம்பைத் தடவுவது எவ்வகையிலும் தகாது. நாய் அதை நக்கி விழுங்கும். பல களிம்புகளில் உள்ள துத்தநாக ஆக்சைடு அதற்கு நஞ்சு.

ஒவ்வாமை மரபுவழி தொடரும் இயல்புடையது. மருந்தால் தணிந்த நாயும் தன் குட்டிக்கு அதைக் கடத்தலாம் என்பதால், கடும் தோல்நோயுள்ள நாய்களை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது. பிரித்தானியக் கென்னல் கிளப் 2009இல் புல்டாக்கின் இனவரையறையைத் திருத்தியதும் உடலமைப்பின் மிகைகளைக் குறைக்கும் நோக்கத்தால்தான். கண்காட்சி நடுவரின் பார்வை மாறுவது போலவே வாங்குவோரின் பார்வையும் மாற வேண்டும். குட்டியைத் தேடிச் செல்பவர், குட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் அதன் தாயைக் காட்டுமாறு கேட்கட்டும். உரியவரின் இசைவோடு தாயின் மூக்குமடிப்பை விரலால் விலக்கி, உள்ளே தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். பாதங்களின் நிறத்தையும் பார்க்கட்டும்.