லெசோத்தோவின் மாடுகளும் உலக வங்கியின் அறிக்கையும்

அபிவிருத்தி என்னும் சொல்லைக் கேட்டவுடன் வீதிகள், அணைக்கட்டுகள், பாடசாலைகள், மருத்துவமனைகள் ஆகியனவே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. செல்வந்த நாடுகள் வறிய நாடுகளுக்கு நிதியையும் நிபுணர்களையும் அனுப்பி வைப்பதைச் சர்வதேச ஒத்துழைப்பு என்கிறோம். அந்த நிதி சென்று சேரும் நிலத்தில் வாழ்வோர் யாவர், அவர்கள் எதனைக் கொண்டு சீவிக்கின்றனர், எதனைச் செல்வமெனக் கருதுகின்றனர் என்பவற்றைக் கண்டறிந்து கூறுவது சமூக விஞ்ஞான ஆய்வின் பணியாகும். அப்பணியில் நேரும் தவறு ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. ஆபிரிக்காவின் தென்கோடியிலுள்ள லெசோத்தோ என்னும் சிறிய மலைநாட்டின் அனுபவத்தைக் கொண்டு இதனை நோக்குவோம்.

உலகப் படத்தில் தென்னாபிரிக்காவைப் பார்க்கும் மாணவர்கள் அதன் நடுவே ஒரு தீவு போல மற்றொரு நாடு அமைந்திருப்பதைக் காண்பர். அதுவே லெசோத்தோ. நாற்புறமும் தென்னாபிரிக்காவே சூழ்ந்துள்ளது. பரப்பு ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீற்றர். நாடு முழுவதும் கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்குக் குறையாத உயரத்தில் உள்ளது. மக்கள் பசோத்தோ எனப்படுவர். 19ஆம் நூற்றாண்டில் மொசூசூ என்னும் மன்னர் சிதறிக் கிடந்த குலங்களை ஒன்றுதிரட்டி இந்நாட்டை உருவாக்கினார். ஆயினும் கலிடன் ஆற்றுக்கு மேற்கேயிருந்த வளமான வயல்நிலங்களை வெள்ளையக் குடியேறிகளான போயர்கள் போரிட்டுக் கைப்பற்றினர். எஞ்சியதையாவது காத்துக்கொள்ள எண்ணி மன்னர் பிரித்தானியரின் பாதுகாப்பை நாடினார். 1868 இல் அது கிடைத்தது. பசுட்டோலாந்து என அழைக்கப்பட்ட அந்நாடு 1966 ஒக்டோபர் 4 இல் சுதந்திரம் பெற்று லெசோத்தோ ஆயிற்று.

சுதந்திரத்தின் பின்னர் உதவிகள் குவிந்தன. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளும் எண்ணற்ற சர்வதேச நிறுவனங்களும் அங்கு வந்து சேர்ந்தன. 1979ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 6 கோடி 40 இலட்சம் டொலர் உதவியாகக் கிடைத்தது; ஆண், பெண், குழந்தை என ஒவ்வொருவர்க்கும் 49 டொலர் வீதம் என்று கொள்ளலாம். எனினும் வறுமை அகலவில்லை.

1975 இல் உலக வங்கி லெசோத்தோ பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நவீன பொருளாதாரத்தின் காற்றே படாத, தன் தேவைக்கு மட்டும் பயிரிட்டு வாழும் பழைமையான குடியானவர் சமுதாயமாக அந்நாட்டை அவ்வறிக்கை சித்திரித்தது. அச்சித்திரத்திலிருந்து பரிகாரமும் தானாகவே பிறந்தது. மலைநாட்டுக்கு வீதி அமைக்க வேண்டும், நல்ல விதை வழங்க வேண்டும், மந்தைகளைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வாறு செய்யின் குடியானவன் வணிக விவசாயி ஆவான் என்று கருதப்பட்டது. இக்கருத்தின் அடிப்படையில், உலக வங்கியும் கனடா அரசின் அபிவிருத்தி முகவர் நிலையமும் நிதி வழங்க, தாபா செக்கா என்னும் மலைப் பிரதேசத்தில் 1975 முதல் 1984 வரை பெரும் அபிவிருத்தித் திட்டமொன்று நடைபெற்றது.

உண்மை நிலை யாது? நவீன பொருளாதாரம் பசோத்தோ மக்களை நூறாண்டுகளுக்கு முன்னரே தொட்டுவிட்டது. தொட்டதோடு மட்டுமன்றிக் கசக்கியும்விட்டது. 1870களில் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் உழைத்தவர்களுக்குத் தானியம் விற்றவர்கள் இவர்களே. பின்னர் புகையிரதப் பாதை வந்தது. கடல்கடந்து வந்த மலிவான தானியமும் உடன் வந்தது. வளமான நிலமோ முன்னரே பறிபோயிருந்தது. குடிசை வரியைப் பணமாகவே செலுத்த வேண்டும். பணம் எங்கே கிடைக்கும்? 1886 இல் யோகன்னஸ்பேர்க் பக்கத்தில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. ஆடவர் எல்லை கடந்து சுரங்கங்களுக்குச் சென்றனர். மகனும் சென்றான், பேரனும் சென்றான். நிறவெறிச் சட்டங்கள் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல இடந்தரவில்லை. எனவே ஆடவர் தொழிலாளர் விடுதிகளில் வாழ, பெண்களும் முதியோரும் சிறுவரும் மலையில் இருந்தனர்.

1970களில் லெசோத்தோவின் உழைக்கும் ஆடவருள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் தென்னாபிரிக்காவிலேயே வேலை செய்தனர். கிராமக் குடும்பமொன்றின் வருவாயில் சராசரியாக 70 விழுக்காடு அங்கு பெறும் கூலியிலிருந்து வந்தது. சொந்த நிலத்தில் விளைந்த பயிர் தந்தது 6 விழுக்காடு மட்டுமே. அறிக்கையை எழுதியவர்கள் விவசாயி என்று எவனைக் கண்டார்களோ அவன் உண்மையில் விடுமுறையில் வந்திருந்த சுரங்கத் தொழிலாளி. அல்லது சுரங்கத்தில் உடல் தேய்ந்து ஓய்வு பெற்றவன். அவனுடைய வாழ்வு இரு நாடுகளில் பரந்திருந்தது. அறிக்கையோ நாட்டின் எல்லைக்கோட்டோடு நின்றுவிட்டது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்து அடுப்பெரியும் வீடுகளை நம் பெற்றோர் நன்கறிவர். ஆதலின் இதனை மேலும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வுண்மைகளைக் கிராமங்களில் தங்கியிருந்து எழுதிய ஆய்வாளர்கள் பலர். கொலின் மறே என்பார் புலம்பெயர் உழைப்பினால் பிளவுண்ட குடும்பங்களைப் பற்றி 1981 இல் நூலொன்று வெளியிட்டார். அமெரிக்க மானிடவியலாளரான ஜேம்ஸ் பெர்குசன் 1982, 1983ஆம் ஆண்டுகளில் தாபா செக்கா பகுதியில் களஆய்வு நடத்தினார். 1990 இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரை 'அரசியலை அகற்றும் இயந்திரம்' என்று தமிழில் கூறலாம். அந்நூலில் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி மாடுகளைப் பற்றியதாகும்.

திட்ட அதிகாரிகளுக்குப் பெரும் புதிராக இருந்தவை மாடுகளே. புல்வெளிகள் தேய்ந்து, மாடுகள் மெலிந்து, வறட்சியில் மடிந்தபோதிலும் மக்கள் அவற்றை விற்க மறுத்தனர். இது பழைமை மோகம், பொருளாதார அறிவின்மை என்று அதிகாரிகள் முடிவுசெய்தனர். பெர்குசன் கண்டது வேறு. சுரங்கத்தில் உழைப்பவன் கையில் பணமாக வைத்திருப்பதை மனைவி கேட்கலாம், பிள்ளைகள் கேட்கலாம், உறவினரும் கேட்கலாம். அது நில்லாது கரைந்துவிடும். அப்பணத்தை மாடாக மாற்றிவிட்டால் கதை வேறு. பணங்கொடுத்து மாடு வாங்கலாம். ஆனால் பட்டினி, நோய் போன்ற பேரிடர் வந்தாலன்றி மாட்டை விற்றுப் பணமாக்குதல் முறையன்று என்பது ஊர் வழக்கு. உள்ளே செல்ல மட்டும் திறக்கும் படலை போன்றது இது. மேலும், ஊரில் இல்லாதவனுடைய மாட்டை அயலவன் உழவுக்குக் கொண்டு செல்வான், பாலைக் கறந்து கொள்வான். இவ்வாறு மாட்டை ஒப்படைத்து வைப்பதற்கு மாஃபிசா என்று பெயர். இதனால் ஆண்டின் பெரும்பகுதி அயல்நாட்டில் கழிப்பவனுக்கும் ஊரில் நாலு பேரின் நன்றியும் மதிப்பும் நிலைத்திருக்கும். திருமணத்தில் மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்கு மாடுகள் கொடுக்கின்றனர். நம் சீதன வழக்குக்கு இது நேர்மாறு. சுரங்கத்திலிருந்து ஒருவன் நிரந்தரமாக வீடு திரும்பும் நாளில் அவனுக்குரிய ஓய்வூதியமும் அம்மாடுகளே. ஓய்வூதியத்தைக் கொழுக்கவைத்து இறைச்சிச் சந்தைக்கு அனுப்பு என்றால் எவன் அனுப்புவான்? பழந்தமிழில் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றே ஒரு பொருள் இருப்பதை மாணவர்கள் இங்கு நினைவுகூரலாம்.

இவ்வழக்கில் எல்லோரும் மனநிறைவு கொண்டிருந்தனர் என்று எண்ணிவிடலாகாது. வீட்டில் சோளமா இல்லாதபோது மாடு வாங்குவதா என்று முணுமுணுத்த பெண்கள் இருந்தனர். மாட்டைப் பற்றிய வழக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும், முதியோர்க்கும் இளையோர்க்கும் இடையேயுள்ள இழுபறியையும் தன்னுள் அடக்கியது. ஆயினும் அது அறியாமையன்று.

இவற்றை அறியாத திட்டம், முன்னேறும் மனப்பான்மை உடையோர் எனக் கருதப்பட்ட ஒரு சிலருக்காக 15 சதுர கிலோமீற்றர் மேய்ச்சல் நிலத்தைக் கம்பிவேலியிட்டு ஒதுக்கியது. உயர்சாதி மாடு வைத்திருப்போரின் மேய்ச்சல் சங்கத்துக்கு மட்டுமே அது உரியது. அதுவரை ஊருக்கெல்லாம் பொதுவாக இருந்த நிலம் அது. விளைவு என்ன? வேலிக்கம்பிகள் அறுக்கப்பட்டன. படலைகள் களவு போயின. சங்க முகாமையாளரின் அலுவலகம் தீக்கிரையாயிற்று.

வீதியோ போடப்பட்டது. மலைநாட்டு விளைபொருள் அவ்வழியே நகருக்கு இறங்கும் என்பது எதிர்பார்ப்பு. தென்னாபிரிக்கத் தானியமும் பொருள்களும் அவ்வழியே மேலேறின. திட்டத்தின் தலைமை நிலையம் இருந்த இடம் 1980களின் தொடக்கத்தில் புதிய மாவட்டமொன்றின் தலைநகராயிற்று. காவல் நிலையம், சிறைச்சாலை, வரி அலுவலகம், படைமுகாம் ஆகியன எழுந்தன. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியை ஏற்க மறுத்து அதிகாரத்தைப் பற்றிக்கொண்ட அரசு ஒன்று அப்போது ஆண்டுகொண்டிருந்தது என்பதையும், எதிர்ப்பாளர்க்கு மலைப்பகுதிகளில் ஆதரவு இருந்தது என்பதையும் சேர்த்து நோக்கினாலன்றி இதன் முழுப்பொருள் விளங்காது. விவசாயத்தில் தோற்ற திட்டம் அரசின் கையை மலைவரை நீட்டுவதில் வெற்றி கண்டது.

இத்துணைக் கல்வியறிவுடையோர் எவ்வாறு இத்துணைப் பிழையானதோர் அறிக்கையை எழுதினர்? அவர்கள் மூடர்களும் அல்லர், தீயோரும் அல்லர் என்று பெர்குசன் கூறுகின்றார். கடன் வழங்கும் நிறுவனத்திற்குக் கடன் கொடுத்துத் தீர்க்கக்கூடிய குறையே தேவை. வறுமைக்குக் காரணம் தரமற்ற விதை என்றால் விதைக்குப் பணம் ஒதுக்கலாம். வறுமைக்குக் காரணம் பறிபோன நிலமும், சுரங்கக் கூலியும், நிறவெறி ஆட்சியும் என்றால் எந்தக் கணக்கில் எவ்வளவு ஒதுக்குவது? ஆகவே நாடு, திட்டத்திற்கு ஏற்றவாறு அறிக்கையில் மாற்றி வரையப்பட்டது.

இந்நூல் முழுவதும் நமக்கு உடன்பாடானதே என்று கூறமாட்டோம். என்னதான் செய்யலாம் என்ற வினாவுக்கு ஆசிரியர் நேரான விடை தரவில்லை. பேறுகால வேதனையில் மருத்துவமனை செல்லும் ஒரு தாய்க்கு, வீதி யாருக்காகப் போடப்பட்டது என்பது பொருட்டன்று. அது இருப்பதே பெரிது. இக்கணக்கை ஆய்வாளரும் சற்றுக் கூடுதலாகப் பார்த்திருக்கலாம்.

1980களின் பிற்பகுதியில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பசோத்தோ ஆடவர் சுரங்கங்களில் இருந்தனர். 1990களில் தங்கச் சுரங்கங்கள் ஆட்குறைப்புச் செய்யத் தொடங்கின. பல்லாயிரவர் வேலையிழந்து திரும்பினர். தலைநகர் மசேருவில் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகளில் இப்போது அவர்களின் மனைவியரும் புதல்வியரும் அமெரிக்கச் சந்தைக்குத் துணி தைக்கின்றனர். 2025 ஏப்ரலில் அமெரிக்கா லெசோத்தோப் பொருள்களுக்கு 50 விழுக்காடு தீர்வை விதிப்பதாக அறிவித்து, பின்னர் அதனை 15 ஆகக் குறைத்தது. தாபா செக்கா மாவட்டத்திலோ, 1986 இல் தென்னாபிரிக்காவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 185 மீற்றர் உயரமான கட்சே அணை கட்டப்பட்டது. 1998 முதல் அந்த மலைநீர் சுரங்கவழிகளூடாக எல்லை கடந்து யோகன்னஸ்பேர்க் பக்கம் பாய்கின்றது.