ஒரு பிராங்க் வாடகைக் கப்பல்

ஒரு முழுக் கப்பலை வருஷத்துக்கு ஒரே ஒரு பிராங்க் வாடகைக்கு யாராவது தருவார்களா? 1950இல் தந்தார்கள்! பெற்றுக்கொண்டவர், பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோ. கப்பலின் பெயர் கலிப்ஸோ. இரண்டாம் உலகப் போரில் கடல் கண்ணிவெடிகளை அகற்றக் கட்டிய மரக்கப்பல் அது. இரும்பை உணர்ந்து வெடிக்கும் காந்தக் கண்ணிகளிலிருந்து தப்பத்தான் மரம்! போர் முடிந்ததும் மால்டாவில் பயணிகளை அக்கரை சேர்த்தது.

அதைக் கூஸ்தோ ஆழ்கடல் நீச்சல்காரர்களின் கப்பலாக மாற்றினார். எனக்கு ரொம்பப் பிடித்தது, முன்பக்கம் நீர்மட்டத்துக்குக் கீழே அவர் பொருத்திய இரும்பு அறை. குழாய் போன்ற வழியில் உள்ளே இறங்கினால், வட்டமான கண்ணாடி ஜன்னல்கள். கப்பல் ஓடும்போதே, உடம்பு நனையாமல், மீன் கூட்டத்தை நேருக்கு நேர் பார்க்க முடிந்தது!