பிரிட்ஜ் குளிர் தரலையா? கேஸ் நிரப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்!



நம் குழுக்களில் உட்கடன் எடுத்து பிரிட்ஜ் வாங்குகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். இட்லி மாவு விற்கவும், பூ, பால், தயிர் கெடாமல் வைக்கவும் அது உதவுகிறது. ஆனால் பிரிட்ஜ் சரியாகக் குளிராவிட்டால் சரக்கும் வீண், தவணையும் நின்றுபோகும்.

போன கோடையில் மாவு விற்கும் ஓர் உறுப்பினர் வீட்டுக்குப் போயிருந்தோம். பழைய பிரிட்ஜ் ஒன்றைக் கடனில் வாங்கியிருந்தார். "காலையில வச்ச மாவு சாயங்காலமே புளிச்சுப் பொங்கிடுது மேடம். கேஸ் போயிடுச்சுன்னு ரெண்டு தடவை நிரப்பியாச்சு. இந்த மாசம் தவணை கட்டக் கையில காசில்ல" என்று கண் கலங்கினார்.

பார்த்தால், பிரிட்ஜ் அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றது. பின்பக்கக் கம்பிகளில் தூசி அப்பிக் கிடந்தது. கதவு ரப்பர் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. இடத்தை மாற்றி, தூசியைத் துடைத்து, புது ரப்பர் போட்டதும் மாவு புளிக்காமல் நின்றது. கேஸுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். இது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

பிரிட்ஜ் எப்படி வேலை செய்கிறது?

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே இறைத்துக் கொட்டுகிறது, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது போல.

எப்படி இறைக்கிறது? மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஊசி போடும் முன் நர்ஸம்மா ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருப்பதும் இதனால்தான். பிரிட்ஜ் குழாய்க்குள்ளும் சீக்கிரம் ஆவியாகும் ஒரு திரவம் ஓடுகிறது. அது ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்.

அந்த ஆவியைத்தான் கேஸ் என்கிறோம். அதைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பு சுடுகிறது அல்லவா? அதுபோல அழுத்திய கேஸும் சூடாகும். பின்பக்கக் கம்பிக் குழாய்களில் ஓடி, சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட்டு, மறுபடி திரவமாகி உள்ளே போகும். சில மாடல்களில் இந்தக் குழாய் பக்கத் தகட்டுக்குள் இருக்கும். அங்கே தொட்டால் சுடுகிறதே என்று பயப்படாதீர்கள். உள்ளே இருந்த சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம்.

கேஸ் தீர்ந்துபோகுமா?

அடுப்பு சிலிண்டர் மாதிரி இது எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் போய்விடும். அதனால் மெக்கானிக் "கேஸ் இல்லை" என்று சொன்னால், "எங்கே கசியுது? அடைச்சாச்சா?" என்று தைரியமாகக் கேளுங்கள். ரசீதும் வாங்குங்கள்.

சூடு வெளியே போக வழி விடுங்கள்

* சுவருக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் அரை அடி இடம் விடுங்கள். அடுப்புப் பக்கமும், வெயில் விழும் இடத்திலும் வேண்டாம்.
* மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத் தூசியைக் காய்ந்த துணியால் துடையுங்கள். மேலே சாக்கு, போர்வை போட்டு மூடாதீர்கள்.

சூடு உள்ளே நுழைய விடாதீர்கள்

* கதவு இடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ரப்பர் நல்லது. லேசாக வந்துவிட்டால் ரப்பரைக் கழுவிப் பாருங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள்.
* சூடான பால், சாம்பாரை ஆறிய பிறகு மூடி வையுங்கள். மூடாமல் வைத்தால் ஈரம் ஏறி ஐஸ் கட்டும்.
* ஐஸ் அரை சென்டிமீட்டருக்கு மேல் கட்டினால் பிரிட்ஜை நிறுத்தி உருக விடுங்கள். கத்தியால் குத்தவே கூடாது. குழாய் ஓட்டையாகிவிடும். இப்போது வரும் பல பிரிட்ஜ்களில் தீப்பிடிக்கும் வகை கேஸ் இருக்கிறது.
* உள்ளே 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. அடைத்து வைத்தால் குளிர்காற்று சுற்றாது. பாத்திரங்களுக்கு நடுவே இடம் விடுங்கள்.

கரண்ட் போனால்

கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் உள்ளே குளிர் நிற்கும். கரண்ட் விட்டு விட்டு வந்தால் சுவிட்சை அணைத்து, 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். உடனே போட்டால் கம்ப்ரசர் திணறும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் அவசியம்.

வாங்கும்போது

புதிது என்றால் நட்சத்திரக் குறியில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். ஒரே அளவு பிரிட்ஜ்களை ஒப்பிட்டு, யூனிட் குறைந்ததை வாங்குங்கள். பழையது என்றால் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, குளிர்வதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வண்டியில் நிற்க வைத்தே கொண்டு வாருங்கள். படுக்க வைத்திருந்தால் சில மணி நேரம் நிற்க விட்டு, பிறகு சுவிட்ச் போடுங்கள்.

ஊக்குநர்களே, பிரிட்ஜ் கடனுக்குத் தீர்மானம் எழுதும் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பத்து ரூபாய் நோட்டுச் சோதனையை இன்றைக்கே வீட்டில் செய்து பார்த்து, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்!