“ஐ ஹாட்” அல்ல, “ஐ ஹாவ்”: ஆங்கிலத்தின் நிலை வினைகள்

முரசுமோட்டையிலும் பரந்தன்–முல்லைத்தீவு வீதியை அண்டிய ஏனைய கிராமங்களிலும் மீளக் குடியமர்ந்த குடும்பங்களிடம் காணி, வீடு, தொழில் பற்றிய விபரங்கள் பல தடவைகள் கேட்கப்பட்டன. கேட்டவர்களில் வெளிநாட்டு நிறுவன அலுவலர்களும் இருந்தனர். மொழிபெயர்ப்பாளர் இல்லாத வேளையில், பாடசாலை செல்லும் பிள்ளையே வீட்டாருக்காக ஆங்கிலத்தில் பதில் சொல்ல நேரிட்டது. அப்போது அடிக்கடி பிழைத்துப்போகும் ஓர் இலக்கண விடயத்தை இங்கே விளக்குகிறோம்.

நிலை வினை என்றால் என்ன?

உழுதல், கட்டுதல், சமைத்தல் ஆகியவை செயல்கள். அவை தொடங்கும், நடக்கும், முடியும். தெரியும், வேண்டும், பிடிக்கும், விளங்கும் என்பவை செயல்கள் அல்ல; அவை ஒருவருடைய நிலையைச் சொல்கின்றன.

இந்த வேறுபாடு தமிழிலும் உண்டு. “வயல் உழுதுகொண்டிருக்கிறேன்” என்போம். “எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது” என்று யாரும் சொல்வதில்லை; “எனக்குத் தெரியும்” என்பதோடு நிறுத்திவிடுவோம். ஆங்கிலமும் அப்படித்தான். “ஐ ஆம் பில்டிங் அ ஹவுஸ்” (வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன்) என்பது சரி. “ஐ ஆம் நோயிங்” என்பது பிழை. “ஐ நோ” என்றே சொல்ல வேண்டும்.

பொதுவாக ‘இங்’ சேர்க்காமல் பயன்படுத்த வேண்டிய சில வினைகள்:

- நோ – தெரியும்
- அண்டர்ஸ்ராண்ட் – விளங்கும்
- வோன்ற் – வேண்டும்
- நீட் – தேவை
- பிலீவ் – நம்புகிறேன்
- ஓன் – சொந்தமாக உள்ளது
- பிலோங் – உரியது

‘எனக்கு’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியங்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் நிலை வினையே வரும். “எனக்குத் தறப்பாள் தேவை” என்பதற்கு “ஐ நீட் அ ராபோலின்” என்று சொல்லுங்கள். “ஐ ஆம் நீடிங்” என்று சொல்ல வேண்டாம்.

காணியைப் பற்றிச் சொல்லும்போது

“இரண்டு ஏக்கர் வைத்திருக்கிறேன்” என்பதில் ‘இருக்கிறேன்’ வருவதால், பலர் அதை “ஐ ஆம் ஹாவிங்” என்று மாற்றிவிடுகின்றனர். கேட்பவர் இதை ஓரளவு விளங்கிக்கொள்வார். இதைவிடக் கவலைக்குரிய பிழை ஒன்றுண்டு. இடம்பெயர்ந்த காலத்தை நினைத்து “ஐ ஹாட் ரூ ஏக்கர்ஸ்” என்று சொல்வது. ஆங்கிலம் கேட்பவருக்கு இதன் பொருள், “முன்பு இருந்தது, இப்போது இல்லை” என்பதாகும்.

2009இல் நீங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்திருக்கலாம். வயலில் பற்றை வளர்ந்திருக்கலாம். உறுதியின் மூலப்பிரதி தொலைந்திருக்கலாம். இவற்றால் மட்டும் காணி உங்களுடையது அல்ல என்று ஆகிவிடாது. உரிமை என்பது ஒரு நிலை. அது தொடர்ந்தால் நிகழ்காலத்தில் சொல்லுங்கள்:

- “ஐ ஓன் திஸ் லேண்ட்” – உறுதிக் காணிக்கு.
- “ஐ ஹாவ் அ பெர்மிற் ஃபோர் திஸ் லேண்ட்” – 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணிக்கு. இதற்கு ‘ஓன்’ என்று சொல்ல வேண்டாம். உறுதிக் காணியும் அனுமதிப்பத்திரக் காணியும் வேறு வேறு.
- “திஸ் லேண்ட் பிலோங்ஸ் ரு மை மதர்” – தாயின் பெயரில் உள்ள சீதனக் காணிக்கு. யாருடைய பெயரில் உள்ளதோ அவரையே குறிப்பிடுங்கள்.

எப்போதிலிருந்து என்றும் சொல்ல வேண்டுமானால், “ஐ ஹாவ் ஓன்ட் திஸ் லேண்ட் சின்ஸ்…” என்று தொடங்கி ஆண்டைச் சேருங்கள்.

இரண்டு விதமாகவும் வரும் வினைகள்

சில வினைகள் ‘இங்’ சேர்ந்தால் பொருள் மாறும்.

“ஐ லிவ் இன் முரசுமோட்டை” என்றால் அது உங்கள் நிலையான வசிப்பிடம். “ஐ ஆம் லிவிங் வித் மை சிஸ்ரர்” என்றால் இப்போதைக்குச் சகோதரியுடன் தங்கியிருக்கிறீர்கள். உறவினர் வீட்டிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருப்பவர்கள் இரண்டாவது முறையில் சொல்லலாம்.

“ஐ ஹாவ் ரைஸ்” என்றால் அரிசி கைவசம் உள்ளது. “ஐ ஆம் ஹாவிங் ரைஸ்” என்றால் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நிவாரணத் தேவையைக் கணக்கெடுப்பவருக்கு இவை இரண்டும் ஒன்றல்ல.

“ஐ திங்க்” என்பது உங்கள் கருத்து. “ஐ ஆம் திங்கிங் அபௌட் இற்” என்றால் இன்னும் யோசிக்கிறீர்கள், முடிவு எடுக்கவில்லை.

கையொப்பம் இடுமுன்

வேறொன்றும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த இரண்டு வாக்கியங்களையும் பாடமாக்குங்கள்:

- “ஐ டோன்ற் அண்டர்ஸ்ராண்ட்” – எனக்கு விளங்கவில்லை.
- “ஐ வோன்ற் இற் இன் தமிழ்” – எனக்கு அது தமிழில் வேண்டும்.

இவற்றைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக வைத்தது. 1988இன் 16ஆவது திருத்தத்தின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். ஆகவே கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ உங்கள் விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். பதிலையும் தமிழிலேயே கேட்கலாம்.

ஆங்கிலத்தில் பதில் சொல்ல நேர்ந்தால், முதலில் தமிழில் யோசியுங்கள்: இது நான் செய்வதா, எனக்கு உள்ளதா? உள்ளதென்றால் ‘இங்’ வேண்டாம். இன்றும் உள்ளதென்றால் ‘ஹாட்’ வேண்டாம். பிள்ளைகளோடு சேர்ந்து உங்கள் காணி, வீடு, தேவை பற்றி ஐந்து வாக்கியங்களை எழுதி வாசித்துப் பழகுங்கள். அலுவலர் வரும் நாளில் அவை உங்களுக்கு உதவும்.